நடு வட்டத்தில் நின்றவர்கள்

ஊருக்கு வெளியே இருக்கும் குன்றின்மேல் பழைய கல்மண்டபம் ஒன்று உண்டு. அதைப் பார்க்க வருகிறவர்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டும் கைடு வேலையில் அவள் சேர்ந்தபோது அவளுடைய மகளுக்குப் பால்பல் விழுந்து முடியவில்லை. இப்போது அந்த மகள் கண் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் இத்தனை வருஷமும் இவள் அதே பாதையில் ஏறி, அதே பூட்டைத் திறந்து, அதே தரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். புகுந்த வீட்டில் மூத்த மருமகள் என்பதால் வீட்டில் அவள் மூத்தவள். குன்றின்மேல் மற்ற கைடுகள் அவளுக்கு வைத்திருந்த பேர் ‘தெரியாதக்கா’.

அந்தப் பேர் வரக் காரணம் மண்டபத்தின் தரைதான். வழவழப்பான கருங்கல்லில் ஒரு பெரிய வட்டம். அதற்குள்ளே ஒரே அளவில் ஏழு வட்டங்கள், நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு. ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போவதால் நடு வட்டத்துக்குள் ஆறு இதழ் விரித்த பூ ஒன்று தெரியும். உள்ளே நுழைகிற யாரும் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார்கள். அடுத்த கணமே கேட்பார்கள்.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“தெரியாது” என்பாள் மூத்தவள்.

முணுமுணுப்பாகச் சொல்ல மாட்டாள். நிமிர்ந்து நின்று, கணீரென்று, பரிசு கொடுக்கிற மாதிரி சொல்வாள். தோண்டிப் பார்த்தவர்களுக்குச் சாம்பல் கிடைத்தது, உடைந்த மண்கிண்ணங்கள் கிடைத்தன, கைக்கு அடக்கமான கூழாங்கற்கள் நிறையக் கிடைத்தன. ஏதோ சடங்கு நடந்திருக்கிறது, அதுவரைக்கும் நிச்சயம். யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள், யாரை நினைத்துச் செய்தார்கள், ஒன்றும் தெரியாது. “தெரியாததைத் தெரியும்னு சொல்றதுக்கு நான் ஜோசியக்காரி இல்லை” என்பாள். இது நட்சத்திரப் படம் என்று அடித்துச் சொன்னவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இது கர்ப்பப்பையின் குறி என்றவர்களையும், வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்கள் வண்டி நிறுத்திய இடம் என்றவர்களையும் பார்த்திருக்கிறாள். கடைசிக் கட்சிக்காரர் ஒருவர் தரையில் மண்டியிட்டு டயர் தடம் தேடினார்.

அப்படிப்பட்டவர்களுக்காகவே அவள் பையில் ஒரு கயிறும் சாக்கட்டியும் வைத்திருந்தாள். மண்டபத்துக்கு வெளியே சிமெண்டுத் திட்டில் கயிற்றின் ஒரு நுனியை விரலால் அழுத்திக்கொண்டு மறு நுனியில் சாக்கட்டியைப் பிடித்து ஒரு வட்டம் போடுவாள். அந்த வட்டத்தின் விளிம்பில் விரலை வைத்து, கயிற்றின் நீளத்தை மாற்றாமல் இன்னொன்று. இரண்டும் வெட்டுகிற இடத்தில் விரலை வைத்து இன்னொன்று. ஒரு சுற்று முடிந்து ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும்போது பூ மலர்ந்திருக்கும்.

“பார்த்தீங்களா? பூவை நான் போடலை. கயிறு போட்டது. இதுல ரகசியம் ஒண்ணும் இல்லை, ஆனா அழகு இருக்கு. அது போதாதா?”

போதும் என்றுதான் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். கணவர் வண்டிப் பட்டறையில் மெக்கானிக். கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டே, “இன்னிக்கும் பூ பூத்துச்சா?” என்று கேட்பார். அவள் “ம்” என்பாள். அந்த ‘ம்’-இல் ஒரு திருப்தி இருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கைக்குள்தான் ஓரகத்தி வந்தாள்.

அதாவது வீட்டுக்கு அவள் வந்து ரொம்ப நாளாயிற்று. கொழுந்தனின் மனைவி, மாடிப் போர்ஷனில் குடியிருப்பவள், எல்லாருக்கும் இளையவள். துணிக்கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். சமையலறை இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றுதான். அங்கே பாத்திரத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து மூத்தவளுக்கு மனசு கேட்கவில்லை. மேற்பார்வையாளரிடம் தானே போய்ப் பேசி, “என் வீட்டுப் பொண்ணு, நான் பொறுப்பு” என்று சொல்லி மண்டபத்தில் சேர்த்துவிட்டாள். சீருடைச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தது முதற்கொண்டு அவள்தான்.

முதலில் இளையவள் மூத்தவளைப் போலவே பேசினாள். அவளைப் போலவே கையை நீட்டினாள், அவளைப் போலவே “தெரியாது” என்றாள். ஆனால் அவள் வாயில் அந்தச் சொல் பரீட்சையில் விடை மறந்த பிள்ளை சொல்கிற மாதிரி இருந்தது. அதைக் கேட்டு மூத்தவள் உள்ளூரச் சிரித்துக்கொண்டதும் உண்டு.

ஒரு மழை நாள். இளையவள் கூட்டிப்போன குழு உள்ளேயே மாட்டிக்கொண்டது. வாசலில் திரை கட்டின மாதிரி மழை. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் போனை நோண்ட ஆரம்பித்தார்கள். துணிக்கடையில் வாடிக்கையாளரை எழுந்துபோக விடாமல் உட்காரவைத்துப் பழகியவளுக்கு அது பொறுக்கவில்லை. வாசலோரம் கிடந்த கூழாங்கற்களை அள்ளி ஆளுக்கொன்று கொடுத்தாள்.

“சும்மாதான். ஆளுக்கொரு வட்டத்துல நில்லுங்க. கண்ணை மூடிக்கோங்க. யார்கிட்டயும் சொல்ல முடியாத ஒண்ணை அந்தக் கல்லுகிட்ட சொல்லுங்க. அப்புறம் நடு வட்டத்துல வச்சிட்டு வந்துடுங்க.”

சிரித்துக்கொண்டேதான் போய் நின்றார்கள். மழைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் கனமான ஒரு பெண்மணி நடு வட்டத்தில் கல்லை வைத்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அவளுடைய கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார். மழை விட்டும் யாரும் கிளம்பவில்லை.

அந்தப் பெண்மணி ஊருக்குப் போய் யார் யாரிடம் சொன்னாளோ. அடுத்த வாரம் இரண்டு குடும்பம் வந்து, “கல்லு குடுத்து நிக்கவைக்கிற அம்மா யாரு?” என்று கேட்டது. அதற்கடுத்து ஒரு வேன். யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். இளையவளும் சும்மா இருக்கவில்லை. வருகிறவர்கள் கேட்கக் கேட்கச் சடங்கு வளர்ந்தது. ஆறு இதழுக்கு ஆறு பெயர் வந்தது. வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்று ஒரு விதி வந்தது. “இந்த வட்டங்களை வெட்டினவங்களுக்கு ஒரு கணக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தக் கணக்கு நம்ம உடம்புக்குள்ளயும் இருக்கு” என்று குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தினால் கூட்டம் ஓரடி நெருங்கி வரும் என்பதை அவள் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை.

மூத்தவள் பக்கத்துத் தூணருகே தன் குழுவோடு நின்று, “தெரியாது” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுடைய ஆட்களின் கழுத்து மெல்ல அந்தப் பக்கம் திரும்பும். பிறகு கால் திரும்பும். ஒருநாள் கயிற்றை எடுத்து வட்டம் போட்டு நிமிர்ந்தபோது சிமெண்டுத் திட்டைச் சுற்றி ஒரு கைக்குழந்தைக்காரி மட்டும் நின்றிருந்தாள். குழந்தை தூங்கிவிட்டது, அதனால்தான் அவள் அசையவில்லை.

“நீங்க அந்த அம்மா இல்லையா?” என்று ஒருவர் கேட்டார்.

“எந்த அம்மா?”

“அதான்… மனசுல இருக்கிறதை எல்லாம்…”

“இல்லை” என்றாள் மூத்தவள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வயிற்றெரிச்சல் என்று சொல்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நிஜமாகவே வயிற்றில்தான் எரிந்தது. இளையவள் அலமாரியைத் திறந்தால் எரிந்தது, தலை பின்னிக்கொண்டால் எரிந்தது, “அக்கா, இன்னிக்கு நான் சமைச்சிடறேன், நீங்க உட்காருங்க” என்று நல்லதாகச் சொன்னால் இன்னும் கூடுதலாக எரிந்தது. கணவரிடம் பொருமினாள்.

“பச்சைப் பொய்யைச் சொல்லி ஊரை ஏமாத்துறா. ஆறு இதழுக்குப் பேராம். அந்தப் பேரை அவ எங்க உட்கார்ந்து யோசிச்சா தெரியுமா? நம்ம வீட்டு அம்மிப் பக்கத்துல!”

“ஜனங்க சந்தோஷமாப் போறாங்கல்ல?”

“அப்ப நான் சொல்ற உண்மைக்கு என்ன மரியாதை?”

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “உனக்கு உண்மை போச்சேன்னு வருத்தமா, கூட்டம் போச்சேன்னு வருத்தமா?” என்று கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. ஒரு வாரம் அவருக்குப் பதில் பேச்சே கிடைக்கவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு விடுமுறை நாள், மூத்தவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். நடு வட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு யாரோ நின்றிருந்தார்கள். கன்னம் நனைந்திருந்தது. மஞ்சள் துப்பட்டா. அந்தத் துப்பட்டாவை அவள்தான் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அவளுடைய மகள்.

இளையவள் அந்தப் பெண்ணின் தோளில் கைவைத்து என்னவோ சொன்னாள். மகள் தலையாட்டினாள். மூத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் பிள்ளைகள் முட்டிக்கொண்டு, “மிஸ், உள்ள போகலாமா?” என்று கேட்டது அவள் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் இளையவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படக்கூடாது.”

“சொல்லு.”

“பாப்பாவுக்கு நீங்க பார்த்து வச்சிருக்கிற மாப்பிள்ளை வேண்டாமாம்.”

கரண்டி நின்றது. “உன்கிட்ட சொன்னாளா?”

“ஆமாக்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னு அழுதா. நான் சொல்றேன்னு சொன்னேன்.”

“பெத்தவ நான் கீழ இருக்கேன். அவ மாடிக்கு வந்து சொன்னாளா?”

“மாடியில இல்லைக்கா, மண்டபத்துல…”

“போதும்” என்றாள் மூத்தவள். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தன் வேலையை எடுத்துக்கொண்டவள் இப்போது தன் பிள்ளையையும் எடுத்துக்கொண்டாள் என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. மாப்பிள்ளை ஏன் வேண்டாம் என்ற கேள்வி அந்த நேரத்தில் மனசுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சூரிய வெளிச்சப் பேச்சு வந்தது. போனில் திசை பார்த்த ஒருவர், மண்டபத்தின் வாசல் அச்சுப் பிசகாமல் கிழக்கைப் பார்க்கிறது என்று இளையவளிடம் சொல்லியிருக்கிறார். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும். அப்படியானால் அன்றைக்கு முதல் வெளிச்சம் வாசல் வழியாக வந்து நேராக நடு வட்டத்தில்தானே விழ வேண்டும்? இளையவளின் கண் விரிந்துவிட்டது. இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? அந்த நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கைடுகள் உட்காரும் அறையில் மூத்தவளைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்கதான் எத்தனையோ வருஷம் காலையில வந்து கதவைத் திறந்திருக்கீங்க. வெளிச்சம் நேரா நடுவுலதானே விழும்?”

விழாது. மூத்தவளுக்கு அது நன்றாகத் தெரியும். வாசலுக்கு எதிரே கிழக்கில் ஒரு பாறை மேடு. அந்த நாட்களில் சூரியன் அதற்குப் பின்னால்தான் எழும்பும். மேட்டைத் தாண்டித் தலைகாட்டுவதற்குள் தெற்கே சாய்ந்துவிடும். அதன்பிறகு உள்ளே வரும் வெயில் பூவைத் தொடாது. நுழைகிறவருக்கு வலதுபக்கம், சுவரோரமாக விழும். வருஷாவருஷம் அந்த வெயிலில்தான் அவள் தரைத்துணியைக் காயப்போட்டிருக்கிறாள்.

“நான் என்னத்தைக் கண்டேன்” என்றாள். “கதவைத் திறந்ததும் பெருக்க ஆரம்பிச்சிடுவேன். நிமிர்ந்து பார்க்க எங்க நேரம்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“அப்ப எல்லாரையும் வரச்சொல்லட்டுமா?”

“தாராளமா வரச்சொல்லு. நல்லா விஷயம் பரவட்டும்.”

இளையவள் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை மூத்தவள் இழுத்துக்கொள்ளவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அந்த நாள் விடிந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இருட்டோடு இருட்டாக ஏறிவந்த கூட்டம் மண்டபத்துக்குள் கொள்ளாமல் வாசலுக்கு இரண்டு பக்கமும் வழிந்தது. மேற்பார்வையாளர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். ஆறு வட்டங்களிலும் ஆட்கள் நின்றார்கள். நடு வட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள், வெளிச்சத்துக்காக. கூட்டத்தின் கடைசியில் மகளும் நின்றிருந்தாள். மூத்தவள் சுவரோரம், எல்லார் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

பாறை மேட்டின் விளிம்பு சிவந்தது, பொன்னானது. யாரும் இருமக்கூட இல்லை. இளையவள் கைகூப்பி நின்றாள். சட்டென்று மேட்டின் மேலே ஒரு கண்கூசும் கீற்று. வாசல் வழியாக வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

வலதுபக்கச் சுவரோரம் ஒரு நீல பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி இருந்தது. ‘குப்பையை இங்கே போடவும்’ என்று அதன்மேல் எழுதியிருக்கும். வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. தொட்டி புதுப்பெண் மாதிரி ஜொலித்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் “உஷ்” என்றார். எல்லாரும் நடு வட்டத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இளையவளின் கைகள் கூப்பியபடியே இருந்தன, அவற்றை எப்படிப் பிரிப்பது என்று மறந்துபோன மாதிரி. மூத்தவள் இந்தக் காட்சியை மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தாள். ஓட்டிப் பார்த்தபோது அந்த முகம் இவ்வளவு சின்னதாக இருக்கவில்லை.

இளையவள் தொண்டையைச் செருமினாள். “எனக்குத் தெரியலைங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க.” பிறகு மூத்தவளைப் பார்த்தாள். “எங்க அக்கா ரொம்ப வருஷமா இங்க இருக்காங்க. அவங்களைக் கேளுங்க.”

எத்தனை கண்கள்! இத்தனை மாதமாக அவள் ஏங்கிய கண்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்தன. மேற்பார்வையாளர்தான் கேட்டார்.

“ஏம்மா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது” என்றாள் மூத்தவள்.

ஆயுசு முழுக்கச் சொல்லிவந்த சொல்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அது பொய். வாய்க்குள் மணல் கடிபட்டது போல இருந்தது. கூட்டத்தின் கடைசியிலிருந்து மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் லீவு நாட்களில் அம்மாவோடு விடிகாலையில் இங்கே வந்து, அதே வெயிலில் தரைத்துணியைப் பிழிந்து காயப்போட்டவள் அவள்.

அதற்குள் தொப்பி வைத்த ஒரு பெரிய மனுஷர் முன்னால் வந்தார். “இதுல குழப்பமே இல்லைங்க. பூமி கொஞ்சம் கொஞ்சமாச் சாய்ஞ்சுக்கிட்டே வருது. அந்தக் காலத்துல வெளிச்சம் நடுவுல விழுந்திருக்கும். இப்ப நகர்ந்து இங்க வந்திருக்கு. அப்படின்னா எவ்வளவு பழைய கணக்கு, யோசிச்சுப் பாருங்க!” கூட்டம் ஒரே மூச்சாக “ஓ” என்றது. யாரோ குப்பைத் தொட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். வெளிச்சம் விழுந்த அந்த இடத்தில் ஒவ்வொருவராகப் போய்க் கண்ணை மூடி நிற்க ஆரம்பித்தார்கள். வரிசை வாசல் வரைக்கும் போயிற்று.

இளையவள் மட்டும் அந்த வரிசையைப் பார்க்காமல் தனியாகக் குன்றை இறங்கிப் போனாள்.

மூத்தவள் வீட்டுக்கு வந்தபோது இளையவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரச் சேலையை உதறிக் கொடியில் போட்டாள். திரும்பவில்லை.

“உங்களுக்குத் தெரியும்லக்கா?”

“தெரியும்.”

“நான் கேட்டப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை.”

மூத்தவள் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்தாள். ஏதாவது சமாதானம் சொல்லலாம். உண்மைக்காகச் செய்தேன், ஊர் ஏமாறக்கூடாதென்று செய்தேன், இப்படி எதையாவது. ஒன்றும் எடுபடாது என்று அவளுக்கே தெரிந்தது.

“எனக்குப் பொறாமைடி” என்றாள்.

இளையவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். பிறகு அதை எடுத்துச் சேலையில் மாட்டினாள். “என்னைப் பார்த்தா? துணிக்கடையை மூடி நான் வேலையில்லாம நின்னப்ப நீங்கதானேக்கா கூட்டிட்டுப் போனீங்க. உங்களை மாதிரி ஒருநாளும் எனக்குப் பேச வராது. கயிறு போட்டுக் காட்டுவீங்களே, வீட்டுல எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் தெரியுமா? என் வட்டம் ஒண்ணுகூட ஒழுங்கா வந்து சேராது.” வாளியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைக் கொட்டினாள். “அதான் வேற ஏதோ செஞ்சேன்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு பல நாள் இருவருக்கும் இடையே உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான் பேச்சு.

மகள் விஷயம் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் வேலையிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். கடைசியில் மூத்தவளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு.”

மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு, “சித்திகிட்ட சொன்னேன்னு கோவமா?” என்றாள்.

“ஆமா. கோவம்தான்.”

“உன்கிட்ட சொன்னா ஏன்னு கேப்பம்மா. நான் ஒரு காரணம் சொல்லுவேன், அது சரியான காரணமே இல்லைன்னு நீ சொல்லுவே. எனக்கே காரணம் தெரியலை. பிடிக்கலை, அவ்வளவுதான். சித்தி ஏன்னு கேக்கலை.”

மூத்தவள் வாயைத் திறந்தாள். ‘ஏன் பிடிக்கலை’ என்பதுதான் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, “சாப்பிட வா” என்றாள். மகள் சிரித்துவிட்டாள். அம்மா எதை விழுங்கினாள் என்பது அவளுக்குத் தெரியாமலா போகும்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். வெயிலுக்குப் பயந்து ஒருவரும் குன்றேறவில்லை. மண்டபம் காலியாக இருந்தது. மூத்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நடு வட்டத்தில் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அதைப் பெருக்கியிருக்கிறாள், கழுவியிருக்கிறாள், குனிந்து காட்டியிருக்கிறாள். நின்று பார்த்ததில்லை. வாசலோரத்திலிருந்து ஒரு கல்லும் எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். என்ன சொல்வது என்று யோசித்தாள். ‘என் ஓரகத்தி கீழே விழணும்னு நெனச்சேன்’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கல் ஒன்றும் செய்யவில்லை. கால்தான் வலித்தது. கூரையில் ஒரு புறா குறுகுறுத்தது.

கண்ணைத் திறந்தபோது வாசலில் இளையவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“ஏதாவது வந்துச்சாக்கா?”

“ஒண்ணும் வரலை. கால் வலிச்சுது.”

“எனக்கும் அதேதான்” என்றாள் இளையவள். “ஒரு தடவைகூட ஒண்ணும் வந்ததில்லை. மத்தவங்களுக்கு வருது, நான் நின்னா கால்தான் வலிக்குது.”

மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இளையவளும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல் மண்டபமாதலால் சிரிப்பு நாலு பக்கமும் முட்டித் திரும்பி வந்தது. புறா பயந்து பறந்துபோயிற்று.

“அந்த இதழுக்கெல்லாம் வச்ச பேரை எடுத்துடு” என்றாள் மூத்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“எடுத்துடறேன். ஜனங்க கேட்டா?”

“இது நாங்களா வச்ச விளையாட்டு, பழசு இல்லைன்னு சொல்லு. அப்பவும் நிக்கிறவங்க நிக்கட்டும்.”

“அப்படிச் சொன்னா வருவாங்களா?”

“தெரியாது” என்றாள் மூத்தவள். அது உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

வந்தார்கள். கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் வந்தார்கள். இப்போது இரண்டு பேரும் ஒரே குழுவை ஒன்றாகக் கூட்டிப்போகிறார்கள். முதலில் மூத்தவள் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லி, வெளித்திட்டில் கயிற்றால் பூ வரைந்து காட்டுகிறாள். பிறகு இளையவள், இது நாங்களாக ஏற்படுத்திக்கொண்டது என்று சொல்லிவிட்டுக் கல்லைக் கொடுக்கிறாள். அதைக் கேட்டு முகம் சுளித்து விலகி நிற்கிறவர்கள் உண்டு. கேட்ட பிறகும் நடு வட்டத்தில் போய் அழுகிறவர்களும் உண்டு. வெளிச்சம் விழுந்த சுவரோரத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு கூட்டம் தானாகவே வந்து நிற்கிறது. அவர்களை இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொப்பி வைத்தவர் வந்து விளக்கம் சொல்கிறார்.

எரிச்சல் மூத்தவளை விட்டு முழுசாகப் போய்விட்டதென்று சொல்ல முடியாது. இளையவள் முன்னால் கண்ணீரும் கம்பலையுமாக நாலு பேர் நன்றி சொல்லிக்கொண்டு நிற்கும்போது அவள் பெரும்பாலும் வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவிக்கொள்கிறாள். இறங்கிப் போகிறவர்கள் அவளிடம், “உள்ள இருக்காங்களே, அந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்பதுண்டு.

“ஓரகத்தி” என்பாள். அவர்கள் கேட்காவிட்டாலும் கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வாள். “நான்தான் இங்க சேர்த்துவிட்டேன்.”